மூடிய சில்லும் திறந்த கருவும்

செங்கலடி–பதுளை வீதியிலுள்ள கரடியனாறு போன்ற ஊர்களுக்குக் கம்பியில்லா இணையம் எப்போது எட்டியது என்று கேட்டால், பலரும் கோபுரங்களையே எண்ணுவார்கள். கணினிக்குள் நடந்த இன்னொரு வரலாறும் அதற்கிணையானது என்பது என் வாதம். அவ்வூர்கள் உள்ள படுவான்கரையில் போர் ஓய்ந்த 2007 ஜூலையிலேயே லினக்ஸ் இயங்குதளக் கருவின் (கெர்னல்) 2.6.22 பதிப்பு வெளிவந்தது. பல வைஃபை அட்டைகளுக்குப் பொதுவான 'மேக்80211' அடுக்கு அதில்தான் கருவுக்குள் சேர்ந்தது. அதற்கு முன் பிராட்காம் நிறுவனத்தின் வைஃபை சில்லுகளுக்குப் பொது ஆவணமே கிடையாது. ஒரு குழு அந்நிறுவனத்தின் மூடிய லினக்ஸ் இயக்கியைப் (டிரைவர்) பிரித்துப் படித்து விவரம் எழுத, மற்றொரு குழு அதை மட்டும் பார்த்துப் புதிய இயக்கியை எழுதியது. அது 2006இல் கருவில் ஏறியது. ஆனாலும் சில்லுக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் பயனரே தேடி எடுக்க வேண்டியிருந்தது. இணையம் பெறவே இணையம் தேவை! கம்பி இணைப்பில்லாத ஊருக்கு அது அடைத்த கதவு.

இயக்கியைத் திறந்தால் எவரும் அலைவரிசை விதியை மீறலாம் என்பது நிறுவனங்களின் மறுப்பு. அச்சம் பொய்யல்ல, ஆனால் விடை மறைப்பதில் இல்லை. நாட்டுவாரியான அலைவரிசை விதிகளைத் தனித் தரவுத்தளமாக்கி லினக்ஸ் அதைத் தீர்த்தது. இலங்கைக்கும் அதில் பதிவுண்டு. 2008இல் சில்லு நிறுவனமான ஏதரோஸ் தானே 'ஏத்9கே' இயக்கியைத் திறந்து வெளியிட்டது. அதன் பராமரிப்பாளர் பட்டியலில் தமிழ்ப் பெயர்களும் இருந்தன. பிராட்காம் 2010இல்தான் அவ்வழிக்கு வந்தது. கைபேசிக் காலத்தில் இது பழங்கதை என்பாரும் உண்டு. ஆனால் ஆண்ட்ராய்டின் அடியில் ஓடுவதும் இதே லினக்ஸ் கருதான்.