இராமலிங்க அடிகளாரும் வழக்குமன்றக் கதையும்

யாழ்ப்பாணத்துச் சைவ இல்லங்களிலே இராமலிங்க அடிகளாரின் பெயர் நெடுங்காலம் சற்றுத் தாழ்ந்த குரலிலேயே சொல்லப்பட்டு வந்தது. நல்லைநகர் ஆறுமுக நாவலரைத் தந்தையெனப் போற்றும் மண்ணில் இது வியப்பன்று. ஆயினும், வரலாறு கற்பிக்கும் நாம் கேட்டதை அப்படியே மாணாக்கர்க்குச் சொல்லிவிடுதல் தகுமோ?

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823 இல் அடிகளார் பிறந்தார். நாவலர் அவருக்கு ஓராண்டே மூத்தவர். சென்னையில் வளர்ந்து, திருவொற்றியூரிலும் திருத்தணிகையிலும் மனங்கரைந்து பாடிய அடிகளார், பின்னர்க் கருங்குழியை அடைந்து, 1867 இல் வடலூரில் சத்திய தருமச்சாலையை நிறுவினார். பசித்தோர்க்குச் சோறிடும் அச்சாலையின் அடுப்பு இன்றளவும் அணையவில்லை.

அதே ஆண்டில் 'திருவருட்பா' அச்சேறியது. பூசலுக்கு வித்தும் அதுவே. பாடல்களைத் 'திருமுறை' எனப் பகுத்தவரும் ஆசிரியரைத் 'திருவருட்பிரகாச வள்ளலார்' எனச் சிறப்பித்தவரும் மாணாக்கராகிய தொழுவூர் வேலாயுத முதலியார். அடிகளாரோ தம் பெயரோடு 'சாமி' என்று சேர்ப்பதையும் விரும்பாது கடிதம் எழுதியவர். நால்வர்மீது அருண்மாலைகள் பாடிய ஒருவர் அவர்களோடு போட்டியிட நினைத்தாரென்பது பொருந்துமாறில்லை.

இனி, நாவலர் பக்கமும் நோக்குக. பாதிரிமார் பள்ளிகள் பெருகிய காலத்தில், தேவார திருவாசகங்களின் தனிப்பெருமையே சைவத்தின் அரண் என்று கருதி உழைத்தவர் அவர். திருமுறை என்னும் பெயர் பொதுப்பெயராயின் அவ்வரண் என்னாகும் என்ற அச்சத்தைப் பொறாமை என்று தள்ளுதல் நேர்மையன்று. அவர் கண்டனத்தின் கடுமையை மட்டும் நம்மால் ஏற்க இயலவில்லை.

1869 இல் இப்பூசல் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தை எட்டியது. அடிகளார் உள்ளே வர நாவலரே எழுந்து வணங்கினார் என்றும், அதுகண்ட நீதிபதி வழக்கைத் தள்ளினார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. சுவையான கதைதான், ஆனால் வழக்கு எழுந்தது நூலைப் பற்றியன்று, சிதம்பரத்துக் கூட்டமொன்றில் நாவலரை இழித்துப் பேசியதாக எழுந்த குற்றச்சாட்டைப் பற்றியது. இருதரப்புக் கண்டன நூல்களையும் ப. சரவணன் தொகுத்து வெளியிட்டபின், அக்கதையை வரலாறென்று சொல்லுதல் அரிது.

இங்கே ஒன்று கருதத்தக்கது. நாவலர் மறுத்த பதிப்பில் இருந்தவை பெரும்பாலும் சிவனைப் பாடிய பத்திப் பாடல்களே. சாதி, சமய, சாத்திரப் பூசல்களைக் கடிந்த பாடல்கள் மிக்க ஆறாந் திருமுறை 1885 இல்தான் வெளிவந்தது. 1873 இல் மேட்டுக்குப்பத்தில் நிகழ்த்திய பேருபதேசத்தில், முன்னர்த் தமக்கிருந்த சைவப் பற்றையும் தாம் விட்டுவிட்டதாக அடிகளார் உரைத்தார். சைவ வரம்பை அவர் உண்மையாகவே கடந்த இடம் அதுவாயிருக்க, பூசலோ அதற்கு முன்னரே ஒரு பெயரின் பொருட்டு மூண்டுவிட்டது. 1879 இல் மறைந்த நாவலர் ஆறாந் திருமுறையை அச்சில் கண்டாரல்லர்.

அடிகளார் 1874 சனவரி 30 இல் மேட்டுக்குப்பத்து அறையினுட் புகுந்து கதவைத் தாழிட்டுக்கொண்டார். பின்னர் ஒருவரும் அவரைக் கண்டிலர். அன்பர் சோதியிற் கலந்தாரென்றனர். ஐயுற்றோர் பலவாறு பேசினர். அதன்பின்னும் வாதம் ஓயவில்லை. யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற்பிள்ளை அருட்பாவை மறுத்து எழுத, அதனைக் காக்க மேடையேறியவர் இசுலாமியராகிய செய்குதம்பிப் பாவலர்.