மகாகவி தாகூரின் மகன் ஒரு வேளாண் பட்டதாரி

இரவீந்திரநாத் தாகூர் என்றதும் கவிதையும் நோபல் பரிசும்தான் நம் நினைவுக்கு வரும். அவர் தம் மூத்த மகன் ரதீந்திரநாத்தை வேளாண்மை படிக்க வைத்தார் என்பது பலருக்குத் தெரியாது.

ஏன் வேளாண்மை?

ரதீந்திரநாத் 1888-ஆம் ஆண்டு நவம்பர் 27-ஆம் தேதி பிறந்தார். அக்காலத்தில் வசதியான வங்காளக் குடும்பங்கள் பிள்ளைகளை லண்டனுக்கு அனுப்பி, வக்கீலாகவோ பெரிய அரசு அதிகாரியாகவோ ஆக்க விரும்பின. தாகூரின் எண்ணம் வேறு. பத்மா நதிக்கரையில் சிலைதா என்ற ஊரில் (இன்றைய வங்கதேசம்) தங்கி, குடும்பத்தின் ஜமீன் நிலங்களைக் கவனித்தபோது குடியானவர்களின் வறுமையை அவர் நேரில் கண்டார். தம் பிள்ளையின் படிப்பு அவர்களுக்குப் பயன்பட வேண்டும் என்று நினைத்தார். 1906-இல் மகனை அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்.

சிலைதாவில் செய்தவை

1909-இல் பட்டம் பெற்றுத் திரும்பிய ரதீந்திரநாத், சிலைதாவில் பண்ணை அமைத்தார்.

• மண்ணைச் சோதிக்கச் சிறிய ஆய்வுக்கூடம் ஒன்றைத் தொடங்கினார்.
• அமெரிக்காவிலிருந்து மக்காச்சோளம், குதிரைமசால் போன்றவற்றின் விதைகளை வரவழைத்தார்.
• அங்கே பார்த்த உழவுக் கருவிகளை அப்படியே வாங்கிப் போடாமல், நம் நாட்டு நிலத்துக்கு ஏற்றபடி மாற்றிச் செய்ய வைத்தார்.

சாந்திநிகேதனில்

சிலைதா வேலை சில ஆண்டுகளே நடந்தது. தந்தையின் பள்ளிக்குத் துணை தேவைப்பட்டதால் அவர் சாந்திநிகேதன் சென்றார். அருகிலுள்ள சுருல் கிராமத்தில் 1922-இல் ஸ்ரீநிகேதன் என்ற கிராம மேம்பாட்டு மையம் தொடங்கியது. ஆங்கிலேய வேளாண் வல்லுநர் எல்ம்ஹர்ஸ்ட் அதை முன்னின்று நடத்த, ரதீந்திரநாத் உடன் உழைத்தார். பயிர்த்தொழிலோடு சுகாதாரம், கூட்டுறவு, கைத்தொழில் ஆகியவையும் அங்கே சேர்ந்தன. மரவேலையிலும் தோல் வேலையிலும் அவரே கைதேர்ந்தவர்.

1951-இல் விஸ்வபாரதி மத்தியப் பல்கலைக்கழகமானபோது அதன் முதல் துணைவேந்தரானார். 1953-இல் பதவி விலகி டேராடூனில் வாழ்ந்தார். தந்தையின் நூற்றாண்டான 1961-இல், ஜூன் 3-ஆம் தேதி காலமானார்.

நமக்கான பாடம்

நூறு ஆண்டுகளுக்கு முன்பே அவர் மண்ணைச் சோதித்தார். இன்றும் பலர் சோதிக்காமலேயே உரமூட்டையை வாங்கிப் போடுகிறோம். அறுவடை முடிந்ததும், உரம் இடும் முன், வயலில் 10 முதல் 15 இடங்களில் 'வி' வடிவில் 15 செ.மீ. ஆழக் குழி வெட்டுங்கள். குழியின் பக்கவாட்டு மண்ணைச் சுரண்டி எடுத்து, நன்கு கலந்து, அதில் அரைக் கிலோவை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். புதிய விதையானால், முதல் பருவத்தில் சிறு பாத்தியில் மட்டும் போட்டுப் பாருங்கள்.

வேளாண்மை படிக்க விரும்பும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் தடுக்காதீர்கள். ஒரு மகாகவியே தம் மகனை அந்தப் படிப்புக்குத்தான் அனுப்பினார்.