இம்பாக்ட் பிளேயர் விதி

இருபது ஓவர் கிரிக்கெட்டில் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஓர் அணி தன் பதினொருவரில் ஒருவரை வெளியே அனுப்பிவிட்டு, வேறொருவரை முழு ஆட்டக்காரராக இறக்க அனுமதிக்கும் விதி. இந்தியக் கிரிக்கெட் வாரியம் இதை 2022 அக்டோபரில் சையத் முஷ்டாக் அலி கோப்பையில் சோதித்துப் பார்த்தது. 2023இல் ஐபிஎல்லுக்கு வந்தது. அதே ஆண்டு தமிழ்நாட்டின் டிஎன்பிஎல்லும் ஏற்றுக்கொண்டது. அன்று முதல் ரசிகர்களையும் ஆட்டக்காரர்களையும் இரண்டு கட்சியாகப் பிரித்து வைத்திருக்கிறது.

நடைமுறை

டாஸ் முடிந்த பிறகு கேப்டன் பதினொருவர் பட்டியலோடு ஐந்து மாற்று ஆட்டக்காரர்களின் பெயரையும் கொடுக்க வேண்டும். அந்த ஐவரில் ஒருவரை மட்டுமே இறக்கலாம். இன்னிங்ஸ் தொடங்கும் முன்போ, ஓவர் முடிந்ததுமோ, விக்கெட் விழுந்ததுமோ, பேட்ஸ்மேன் ரிட்டயர் ஆனதுமோ இறக்கலாம். நடுவர் முஷ்டி மடக்கிய கைகளைத் தலைக்கு மேல் குறுக்காகப் பிடித்துக் காட்டுவார். வெளியேறியவர் மீண்டும் வர முடியாது. ஃபீல்டிங்குக்குக்கூட வரக் கூடாது. பதினொருவரில் ஏற்கெனவே நான்கு வெளிநாட்டவர் இருந்தால் புதிதாக வருபவர் இந்தியராகவே இருக்க வேண்டும்.

விதியின் உண்மையான பலம் இதற்குள்தான் இருக்கிறது: நான்கு ஓவரையும் வீசி முடித்தவரை அனுப்பிவிட்டு இன்னொரு பந்துவீச்சாளரை இறக்கினால், அவரும் முழுதாக நான்கு ஓவர் வீசலாம். அவுட் ஆன பேட்ஸ்மேனுக்குப் பதில் வருபவர் புதிதாக பேட் பிடிக்கலாம். பத்து விக்கெட் கணக்கு மட்டும் மாறாது.

2023 மார்ச் 31 அன்று அகமதாபாத்தில் நடந்த முதல் ஆட்டத்திலேயே இரு அணிகளும் இதைப் பயன்படுத்தின. சென்னை அம்பத்தி ராயுடுவை அனுப்பிவிட்டு துஷார் தேஷ்பாண்டேயை இறக்கியது. ஐபிஎல்லின் முதல் இம்பாக்ட் பிளேயர் அவர்தான். எல்லைக்கோட்டருகே காயம்பட்ட கேன் வில்லியம்சனுக்குப் பதிலாகக் குஜராத் அணி தமிழகத்தின் சாய் சுதர்சனை இறக்கியது. குஜராத் ஐந்து விக்கெட் வித்தியாசத்தில் வென்றது.

முன்னோடிகள்

ஐசிசி 2005இல் ஒருநாள் ஆட்டங்களில் ‘சூப்பர் சப்’ முறையைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தின் விக்ரம் சோலங்கி முதல் சூப்பர் சப் ஆனார். மாற்று ஆட்டக்காரரை டாஸுக்கு முன்பே அறிவிக்க வேண்டியிருந்ததால், டாஸில் வென்ற அணிக்கே அவர் பயன்பட்டார். தோற்ற அணிக்கு வீணானார். ஓராண்டுகூடத் தாங்காமல் 2006இல் அந்த முறை கைவிடப்பட்டது. ஆஸ்திரேலியாவின் பிக் பாஷ் லீக் 2020-21இல் ‘எக்ஸ் ஃபேக்டர்’ என்ற பெயரில் முயன்றது, அதுவும் நிலைக்கவில்லை. டாஸுக்குப் பிறகு பட்டியல் கொடுக்கும் ஏற்பாடு பழைய குறையைச் சரிசெய்தது. இந்தியர்கள் செய்த நல்ல திருத்தம் இது.

ஒரு வேலை மட்டும் தெரிந்தவருக்குத் தனி இடம் தரலாமா என்ற இதே சண்டையை நம்மைவிட நெடுங்காலம் போட்டவர்கள் அமெரிக்க பேஸ்பால் ரசிகர்கள். அங்கே பந்து எறியும் பிட்சர்கள் பெரும்பாலும் மட்டை பிடிக்கத் தெரியாதவர்கள். அவர்களுக்குப் பதில் அடிப்பதற்கென்றே ஓர் ஆளை வைத்துக்கொள்ளலாம் என்ற ‘டெசிக்னேட்டட் ஹிட்டர்’ விதியை அமெரிக்கன் லீக் 1973இல் ஏற்றது. நியூயார்க் யாங்கீஸ் அணியின் ரான் புளூம்பெர்க் முதலில் அந்த இடத்தில் ஆடினார். நேஷனல் லீகோ மறுத்தது. பிட்சரும் மட்டை பிடித்தால்தான் ஆட்டம் என்றது. ஒரே நாட்டில், ஒரே ஆட்டத்தில், இரண்டு லீகுகள் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் இரண்டு விதிகளோடு ஆடின. 2020இல் கொரோனா காலத்துக்காகத் தற்காலிகமாகவும், 2022 முதல் நிரந்தரமாகவும் நேஷனல் லீக் இறங்கி வந்தது.

அதே 2022இல் அமெரிக்கர்கள் இன்னொன்றும் செய்தார்கள். ஜப்பானின் ஷோஹெய் ஓட்டானி பந்தும் எறிவார், மட்டையும் பிடிப்பார். தொடக்கப் பிட்சராக இருப்பவர் பந்தெறிவதிலிருந்து விலகிய பின்னும் அடிப்பவராகத் தொடரலாம் என்று விதியைத் திருத்தினார்கள். தனித்திறமைக்காரருக்கு வழிவிட்ட விதி, இரண்டும் தெரிந்தவரை நசுக்கிவிடக் கூடாது என்ற கவலை அதில் தெரிகிறது. இம்பாக்ட் பிளேயர் விதியில் அந்தக் கவலையைக் காணோம்.

விவாதம்

2024 ஏப்ரலில் ரோகித் சர்மா தனக்கு இந்த விதி பிடிக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். கிரிக்கெட் பதினோரு பேரின் ஆட்டம், பன்னிரண்டு பேரின் ஆட்டமல்ல என்பது அவர் வாதம். ஆல்ரவுண்டர்களான வாஷிங்டன் சுந்தரும் ஷிவம் துபேவும் பந்துவீச வாய்ப்பே பெறுவதில்லை என்று எடுத்துக்காட்டினார். விராட் கோலியும் அவர் பக்கம் நின்றார். இரண்டு இந்தியர்களுக்குக் கூடுதல் வாய்ப்பு கிடைக்கிறது என்பது அப்போது வாரியச் செயலராக இருந்த ஜெய் ஷாவின் பதில்.

ரவிச்சந்திரன் அஸ்வின் விதியை ஆதரித்தார். 2024 மே 24 அன்று சேப்பாக்கத்தில் ஐதராபாத் அணி ஷாபாஸ் அகமதை இம்பாக்ட் பிளேயராக இறக்கியது. அவர் மூன்று விக்கெட் எடுத்து, அஸ்வின் ஆடிய ராஜஸ்தான் அணியையே வெளியேற்றினார். அடிபட்ட பக்கத்தில் நின்றவரே இந்த உத்தியைப் பாராட்டுவதைச் சாதாரணமாக ஒதுக்க முடியாது. விதி வந்த முதல் ஆண்டில் துருவ் ஜுரேல் தன் முதல் ஐபிஎல் ஆட்டத்தில் இம்பாக்ட் பிளேயராக வந்து 15 பந்தில் 32 ரன் அடித்ததும், அடுத்த ஆண்டே இந்திய டெஸ்ட் அணிக்குள் நுழைந்ததும் இந்தக் கட்சிக்கு வலுச் சேர்க்கின்றன.

ரன் கணக்கு வேறு கதை சொல்கிறது. ஐபிஎல்லில் 200 அல்லது அதற்கு மேற்பட்ட மொத்தங்கள் 2022இல் 18, 2023இல் 37, 2024இல் 41. எட்டாவது இடம் வரை பேட்ஸ்மேன் இருக்கிறார் என்றால் முதல் பந்திலிருந்தே சுற்ற யாரும் அஞ்சுவதில்லை. 2024 ஏப்ரலில் பெங்களூருக்கு எதிராக ஐதராபாத் 287 ரன் குவித்தது. ஆடுகளமும் பேட்டும் காரணம்தான். ஆனாலும் கூடுதல் பேட்ஸ்மேன் தரும் தைரியத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

சிற்றூர்களில்

மதுரை – தூத்துக்குடி நெடுஞ்சாலையில், விருதுநகர் மாவட்டத்தின் வடபகுதியில் இருக்கும் காரியாபட்டி போன்ற ஊர்களில் இந்த வாதத்துக்குத் தனி முகம் உண்டு. கோடையில் வற்றிய கண்மாயிலும் அறுவடை முடிந்த கரிசல் பொட்டலிலும் டென்னிஸ் பந்தில் ஆடுகிறவர்கள் ஆளுக்கேற்ப விதி வகுத்துக்கொள்வார்கள். ஒற்றைப்படையாக ஆள் வந்தால் ஒருவரைப் பொது ஆளாக வைத்து இரண்டு அணிக்கும் ஆடவிடுவார்கள். அங்கே ஆள் பற்றாக்குறையே பலரையும் ஆல்ரவுண்டராக்குகிறது: அடிக்கிறவனே ஓவரும் போட வேண்டும், கீப்பிங்கும் நிற்க வேண்டும்.

இப்படி வளரும் பையன் மேலே ஏற வேண்டிய படிகள் மாவட்ட அணியும் டிஎன்பிஎல்லும். நத்தத்துக்கோ திருநெல்வேலிக்கோ போய்த்தான் இங்குள்ளவர்கள் டிஎன்பிஎல் பார்த்தார்கள். 2025 அக்டோபரில் மதுரை சிந்தாமணியில் வேலம்மாள் குழுமத்தின் மைதானத்தைத் தோனி திறந்து வைத்த பிறகு பெரிய மைதானத்துக்கான தூரம் குறைந்திருக்கிறது. ஆனால் பாதி பேட்டிங், பாதி பந்துவீச்சு தெரிந்தவனுக்கு அந்தப் படியில் இடம் சுருங்கினால், அவன் ஒன்றைக் கைவிட்டுத்தான் ஆக வேண்டும். வாஷிங்டன் சுந்தர் 2024 ஐபிஎல்லில் மிகச் சில ஆட்டங்களே ஆடினார். 2025 ஜூலையில் மான்செஸ்டர் டெஸ்டில் ஆட்டமிழக்காமல் 101 ரன் எடுத்துத் தோல்வியைத் தடுத்தவரும் அவரே. நாட்டுக்கு அவர் போன்றவர்கள் வேண்டும்.

இன்றைய நிலை

முஷ்டாக் அலி கோப்பையில் 2024 முதல் வாரியம் இந்த விதியை எடுத்துவிட்டது. ஐபிஎல்லில் 2027 வரை நீட்டித்திருக்கிறது. வளர்ந்து முடிந்தவர்கள் ஆடும் ஐபிஎல்லில் இது இருக்கலாம். ஆட்டக்காரர்கள் உருவாகும் டிஎன்பிஎல்லில் இருக்கக் கூடாது. தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் வாரியத்தின் வழியைப் பின்பற்றி அதை அங்கிருந்து நீக்க வேண்டும்.