நிலாச்சோறு, மாவளி, கம்பி மத்தாப்பு: விஸ்வநத்தம் வட்டாரத்தில் சிறு பிள்ளைகளின் இரவு

சிறு பிள்ளையின் இரவு விளையாட்டைப் பற்றித் தமிழில் கிடைக்கும் பழைய பதிவுகளுள் ஒன்று, சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்துக்கு மேற்கே சுமார் 20 கிலோமீட்டரில் உள்ள ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தது. அவ்வூர்ப் பெரியாழ்வார் தம்மை யசோதையாக நினைத்துக்கொண்டு, முற்றத்தில் தவழும் கண்ணனோடு விளையாட வருமாறு நிலவை அழைத்துப் பாடினார். பின்னாளில் பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகை வளர்ந்தபோது, நிலவை அழைப்பதே அம்புலிப் பருவம் என்ற பெயரில் பத்துப் பருவங்களுள் ஏழாவதாக அமைந்தது. கெஞ்சியும், ஆசை காட்டியும், மிரட்டியும் புலவர்கள் நிலவைக் கூப்பிட்டார்கள். சாப்பிட மறுக்கும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தாய் செய்வதும் இதுதான்.

வீட்டு வழக்கத்தில் இது நிலாச்சோறு ஆனது. சித்ரா பௌர்ணமி போன்ற முழுநிலவு நாட்களில் மொட்டை மாடியிலோ ஆற்று மணலிலோ குடும்பமாக உட்கார்ந்து, பாட்டியோ அத்தையோ சோற்றை உருட்டி ஒவ்வொரு கையிலும் வைப்பார்கள். பெரிய பிள்ளைகள் கண்ணாமூச்சி ஆட, சின்னஞ்சிறுசுகள் மணலைக் குவித்துக் கிச்சுக் கிச்சுத் தாம்பாளம் ஆடும்.

வெளியில் தங்கும் இரவும் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. சாத்தூர் அருகே அர்ச்சுனா ஆறும் வைப்பாறும் கூடுமிடத்தில் இருக்கிறது இருக்கன்குடி மாரியம்மன் கோயில். ஆடி மாதத்தில் சுற்று வட்டாரக் குடும்பங்கள் பாத்திரம் பண்டம், பாய், அரிசி பருப்போடு அங்கே வந்து தங்கும். மாசி மகா சிவராத்திரியில் குலதெய்வக் கோயில்களில் விடிய விடியப் பங்காளிகள் கூடியிருப்பார்கள். இந்தப் பயணங்களில் பலவற்றுக்குக் காரணமே கைக்குழந்தைதான்: முதல் மொட்டை, தாய்மாமன் மடியில் காதுகுத்து. மரக்கிளையில் சேலையால் தொட்டில் கட்டி, கல் கூட்டி அடுப்பு மூட்டி, பிள்ளை நெருப்பின் பக்கம் போகாமல் மாறி மாறிப் பார்த்துக்கொள்வார்கள். இன்று மழலையர் பள்ளிகளில் கூடாரம் அடித்து நடத்தும் முகாம் நாளில் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும் என்று விரும்பப்படுபவை எல்லாம் இங்கே சொந்தபந்தங்களின் நடுவில் தானாகவே கிடைத்தன.

நெருப்பைப் பிள்ளையின் இரவுக்குள் முறையாகக் கொண்டுவந்தது கார்த்திகை. விளக்கேற்றிக் கொண்டாடும் கார்த்திகை விழாவை நக்கீரர் பாடிய அகநானூற்றுப் பாடல் ஒன்றிலேயே காணலாம். தென்மாவட்டங்களில் அதற்குப் பனை துணை நின்றது. கோயில் முன்பு சொக்கப்பனை எரியும். தெருவில் மாவளி சுழலும். மாவளி செய்யும் முறை பொறுமையைக் கேட்பது. ஆண் பனையின் காய்ந்த பூக்குலைகளைக் குழியில் போட்டு எரித்து, முழுதும் சாம்பலாகும் முன்பே மண்ணை இட்டு மூடி, கரியாக எடுக்க வேண்டும். அதை நன்றாக இடித்துத் துணியில் இறுகச் சுருட்டி, பிளந்த பனைமட்டைக்கு நடுவே வைத்துக் கட்டி, நீளமான கயிற்றில் பிணைக்க வேண்டும். முனையில் கங்கு வைத்துச் சுழற்றினால் பொறிகள் வட்டமாகச் சிதறும். சத்தமில்லை, பூமழை மட்டும்தான். சுழற்றுவது இளவட்டங்களும் பெரிய பையன்களும். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள் திண்ணையில் இருந்து பார்ப்பார்கள். ஆனால் பூக்குலை பொறுக்குவதிலும் கரி இடிப்பதிலும் கூடவே நின்றிருப்பதால், அந்த நெருப்பு எங்கிருந்து வந்தது என்பது அவர்களுக்குத் தெரியும்.

வாணவேடிக்கை தனி. அது கோயில் திருவிழாவுக்கும் அரண்மனைக்கும் பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கும் உரியது. அப்பாவின் தோளில் உட்கார்ந்து வானத்தைப் பார்ப்பதே அதில் பிள்ளையின் பங்கு. ஒளியைப் பிள்ளையின் விரல்களுக்கு இடையே கொண்டுவந்தது சிவகாசியின் தீப்பெட்டித் தொழில்.

1923இல் பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். மழை குறைந்த கரிசல் பூமி. விவசாயம் கைகொடுக்காத ஊர்களில் வேலைக்கு ஆட்கள் இருந்தார்கள். மருந்து காய வறண்ட வெயிலும் இருந்தது. வெள்ளைத் தீக்குச்சியை அடுத்து வந்தது கலர் மத்தாப்புக் குச்சி. உரசினால் சிவப்பாகவோ பச்சையாகவோ சில நொடிகள் எரிந்து அணையும். சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம் உப்பு, பச்சைக்குப் பேரியம் உப்பு. தீக்குச்சி செய்த கைகளுக்கே இது பழகிய வேலையாக இருந்ததால் தொழில் வேகமாகப் பரவியது. 1940இல் வெடிபொருள் விதிகள் வந்து உரிமம் கட்டாயமான பிறகு முறையான பட்டாசு ஆலைகள் எழுந்தன. சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தமும் இப்படித்தான் ‘தீப்பெட்டி ஆபீஸ்’, ‘வெடி ஆபீஸ்’ என்று ஊர்க்காரர்கள் சொல்லும் ஆலைகளின் ஊராயிற்று.

சிறு பிள்ளைகளுக்கென்றே நிலைத்துவிட்ட பண்டம் கம்பி மத்தாப்பு. கம்பியை அளவாக வெட்டிச் சட்டத்தில் வரிசையாகக் கோத்து, கூழ் போன்ற மருந்தில் முக்கி எடுத்து, வெயிலில் காயவைத்து மறுபடி முக்குகிறார்கள். பேரியம் நைட்ரேட், அலுமினியத் தூள், இரும்புத் தூள், இவற்றைப் பிடித்துவைக்கும் பசை ஆகியவையே பழைய கலவை. அலுமினியம் வெண்ணிற ஒளியைத் தருகிறது. இரும்புத் தூள் பூவாகச் சிதறுகிறது. சாதுவான வெடி என்ற பெயர் இதற்கு உண்டு. அந்தப் பெயர் ஏமாற்றக்கூடியது. எரியும் முனையின் வெப்பம் 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அணைந்த பிறகும் சூடு ஆறாத கம்பியை மிதித்துக் கால் வெந்த பிள்ளைகள் பலர். அதனால்தான் வாசலில் தண்ணீர் வாளியோ மணல் சட்டியோ வைப்பது தீபாவளி ஏற்பாடுகளில் ஒன்றாயிற்று.

இதே ஊர்களில் இன்னொரு விதமான பிள்ளைப் பருவ இரவும் இருந்தது. விடியுமுன் இருட்டில் வந்து நிற்கும் ஆலைப் பேருந்துக்காகத் தூக்கக் கலக்கத்தோடு எழுப்பப்பட்ட பிள்ளைகள், தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கவும் பெட்டி ஒட்டவும் போனார்கள். 1983இல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’ இதழில் ஸ்மிது கோத்தாரி எழுதிய கட்டுரை இதை நாடறியச் செய்தது. 1985 இறுதியில் இப்பகுதியின் பதிவு பெற்ற 221 தீப்பெட்டி ஆலைகளில் 27,338 தொழிலாளர் இருந்தனர், அவர்களில் 2,941 பேர் குழந்தைகள் என்று உச்ச நீதிமன்றத்தில் அரசுத் தரப்பே தெரிவித்தது. பதிவில் ஏறாத வீட்டு வேலை இதில் சேராது. 1990இல் சலம் பென்னூர்கர் இதைப் பற்றி ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்ற ஆவணப்படத்தை எடுத்தார். 1996 டிசம்பர் 10 அன்று, சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் குறித்த எம்.சி. மேத்தா வழக்கில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, ஆபத்தான தொழிலில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. ஒரு பிள்ளை கையில் பிடித்து மகிழ்ந்த மத்தாப்புப் பெட்டியை இன்னொரு பிள்ளை ஒட்டியிருந்த அந்தக் காலத்தை ஒதுக்கிவிட்டு இந்த ஒளியின் வரலாற்றை எழுத முடியாது.

வேலைக்குப் போகும் தாயின் கைக்குழந்தைக்காகவும் சட்டம் பேசியது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் அமைக்கச் சொன்னது. பின்னர் வந்த திருத்தப்படி, முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்த ஆலைகளுக்கு அது பொருந்தியது. 1982 ஜூலை 1 அன்று தொடங்கிய சத்துணவுத் திட்டம், பள்ளி வயதை எட்டாத பிள்ளைகளுக்கும் பகல் உணவைக் கொடுத்தது. பிள்ளைகள் வேலைக்குப் போவது குறைந்ததில் நீதிமன்ற ஆணைகளுக்கு இருந்த அளவு பங்கு இந்தச் சோற்றுக்கும் பள்ளிக்கும் உண்டு.

பட்டாசின் போக்கை அடுத்து மாற்றியவர்களும் பள்ளி வயதை எட்டாத பிள்ளைகளே. டெல்லியின் காற்று மாசைச் சுட்டி, 2015இல் மூன்று கைக்குழந்தைகளின் பெயரில் அவர்களுடைய தந்தையர் உச்ச நீதிமன்றத்தில் மனு செய்தார்கள். மறு ஆண்டு புனேயின் மார்பு ஆய்வு அறக்கட்டளை நடத்திய சோதனையில், மிக அதிகமாக நுண்துகளைக் கக்கியது பாம்பு மாத்திரை என்று தெரிந்தது. வெடிக்காத, பயமுறுத்தாத, அதனாலேயே பொடிசுகளிடம் கொடுக்கப்பட்ட பண்டம் அது. குனிந்து பார்க்கும் பிள்ளையின் மூக்கு புகைக்கு வெகு அருகில் இருக்கிறது.

2018 அக்டோபர் 23 அன்று, அர்ஜுன் கோபால் வழக்கு என்று அறியப்படும் அந்த வழக்கில், பேரியம் உப்புகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. மாசு குறைவாக வெளியிடும் பசுமைப் பட்டாசுகளுக்கு மட்டுமே அனுமதி கிடைத்தது. தீபாவளியன்று வெடிக்கும் நேரம் இரண்டு மணி நேரமாகச் சுருங்கியது. பழைய கம்பி மத்தாப்புக் கலவையின் அடிப்படையே பேரியம் என்பதால் சிவகாசி வட்டாரத்துக்கு இது பேரிடியாக விழுந்தது. மேம்படுத்திய கலவையில் பேரியத்தைச் சேர்க்கக் கேட்ட வேண்டுகோளையும் 2023 செப்டம்பரில் நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆலைகள் நாக்பூரின் நீரி (தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு) நிறுவனத்திடம் புதிய கலவைக்கு ஒப்புதல் பெற்று, பசுமை முத்திரையோடு பெட்டிகளை அனுப்புகின்றன. தமிழ்நாட்டில் அந்த இரண்டு மணி நேரம் காலை 6 முதல் 7 வரையும் இரவு 7 முதல் 8 வரையும் எனப் பிரிக்கப்பட்டது. சின்னப் பிள்ளைகள் தூங்கப் போகுமுன் மத்தாப்புப் பிடிக்கக் கிடைப்பது இரண்டாவது மணி நேரம்.