நம்பர் பிளேட் வந்த வழி

1893 ஆகஸ்ட் 14 அன்று பாரிஸ் காவல்துறை ஓர் உத்தரவு போட்டது. நகரில் ஓடும் மோட்டார் வண்டிகள் உரிமையாளரின் பெயர், முகவரி, அனுமதி எண் எழுதிய உலோகத் தகட்டைத் தாங்க வேண்டும். 1904 ஜனவரி 1 முதல் பிரிட்டனிலும் எண் கட்டாயமானது. அங்கே தகட்டில் எண் மட்டும்தான். பெயரும் முகவரியும் பதிவேட்டில். நம் சாலைகளில் ஓடுவதும் அந்த வழி வந்த தகடுதான். டி.என். 28 என்றால் நாமக்கல், கே.எல். 8 என்றால் திருச்சூர் என்று ரோந்துக் காவலர் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்.

வண்டியைத் திருடியவன் முதலில் கை வைப்பதும் தகட்டில்தான். கழற்றி எறிவான், அல்லது வேறொருவரின் எண்ணை எழுதி மாட்டுவான். செயின் பறிக்க வருகிறவன் பைக்கின் பிளேட்டை மடக்கி வைப்பான், சேற்றைப் பூசுவான். ஆகவே ரோந்தில் இருப்பவர் எண்ணை மட்டும் வாசிப்பதில்லை. வண்டியெல்லாம் புழுதி, பிளேட் மட்டும் பளபளப்பா? முன்னால் ஓர் எண், பின்னால் வேறா? திருகாணியைச் சுற்றிப் புதுக் கீறலா? நிறுத்தச் சொல்லி, ஆர்.சி.யில் இருக்கும் சேஸ் எண்ணையும் வண்டியில் பொறித்திருப்பதையும் ஒப்பிடுவார்கள். பிளேட்டை மாற்றுவது எளிது. சேஸ் எண்ணை அழித்தால் அழித்த தடம் நிற்கும்.

இந்தத் திருட்டுவேலையைத் தடுக்கத்தான் 2019 ஏப்ரல் 1 முதல் புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்புப் பிளேட் கட்டாயமானது. அலுமினியத் தகடு, அசோகச் சக்கர ஹோலோகிராம், லேசரில் பொறித்த தனி வரிசை எண். கழற்றினால் உடைந்துபோகும் பூட்டு. எனக்குப் பிடித்தது அந்தப் பூட்டுதான். கழற்றியவன் சாட்சியை விட்டுவிட்டே போக வேண்டும்.

தகட்டைக் கருவியே வாசிக்கும் முறை 1976-இல் பிரிட்டன் காவல்துறையின் அறிவியல் பிரிவில் பிறந்தது. திருட்டு வண்டிகளின் பட்டியலில் உள்ள எண் கேமராவைக் கடந்தால் உடனே எச்சரிக்கை வரும். ஆனால் பிளேட் கண்ணில் பட்டால்தானே?

2024 செப்டம்பர் 27 விடிவதற்குள் திருச்சூர் மாவட்டத்தில் மூன்று ஏ.டி.எம்.களை கேஸ் கட்டரால் அறுத்து 60 லட்சம் ரூபாய்க்கு மேல் அள்ளிய கும்பல், வந்த காரையே ஒரு கன்டெய்னர் லாரிக்குள் ஏற்றிவிட்டது. அதன்பின் அந்தக் காரின் எண்ணை எந்தக் கேமராவும் வாசித்திருக்க முடியாது. கேரளத்திலிருந்து தகவல் வந்து தமிழகக் காவலர்கள் விழிப்பாக இருந்தார்கள். நாமக்கல் மாவட்டம் குமாரபாளையம் அருகே ஒரு கன்டெய்னர் நிறுத்தச் சொல்லியும் நிற்காமல், எதிர்ப்பட்ட வண்டிகளை இடித்துக்கொண்டு ஓடியது. அந்த ஓட்டமே அதைக் காட்டிக்கொடுத்தது. விரட்டி மடக்கினார்கள். காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகும் வழியில் பெட்டிக்குள்ளிருந்து சத்தம் கேட்டிருக்கிறது. கதவைத் திறந்தபோது உள்ளே காரும் ஆட்களும். கும்பல் தாக்கியதில் இரண்டு காவலர்கள் காயமடைந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் கும்பலில் ஒருவன் இறந்தான், இன்னொருவனுக்குக் காலில் குண்டு. மற்றவர்கள் கைதானார்கள், பணமும் காரும் அந்த லாரியிலேயே சிக்கின.