359 தந்தங்களும் ஒரு கணக்குப் புத்தகமும்

2016ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை. வெள்ளவத்தையில் பஸ் ஏறிக் காலிமுகத்திடலில் இறங்கினேன். பட்டம் விடும் சிறுவர்களும் இறால் வடை விற்போருமாக நான் நாள்தோறும் பார்த்துப் பழகிய திடலில், அன்று யானைத் தந்தங்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. எண்ணிக்கை 359. நிறை ஏறத்தாழ ஒன்றரைத் தொன். மதகுருமார் இறந்துபோன யானைகளுக்காகப் பிரார்த்தித்தனர். மௌன அஞ்சலி முடிந்ததும் தந்தங்கள் ஒவ்வொன்றாக நொறுக்கும் இயந்திரத்தினுள் சென்றன. கைப்பற்றிய தந்தங்களைப் பகிரங்கமாக அழித்த முதல் தெற்காசிய நாடு என்ற பெயரை இலங்கை அன்று பெற்றது.

எனக்கருகில் நின்ற முதியவர் ஒருவர் பெருமூச்சு விட்டார். "தம்பி, இவ்வளவையும் வித்திருந்தா எத்தினை கோடி வந்திருக்கும்!" என்றார். செய்தி சேகரிக்கச் சென்ற எனக்கு அவருக்குச் சொல்ல உடனடியாக விடை கிடைக்கவில்லை. அந்த விடையைத் தேடிப் பழைய பக்கங்களைப் புரட்டியதன் விளைவே இக்கட்டுரை.

அத்தந்தங்கள் இலங்கை யானைகளுடையவை அல்ல. இலங்கையின் ஆண் யானைகளுள் தந்தமுடையவை நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. பெண் யானைகளுக்குத் தந்தமே இல்லை. 2012ஆம் ஆண்டு மே மாதம், கென்யாவிலிருந்து துபாய்க்குச் சென்றுகொண்டிருந்த கொள்கலன் ஒன்று கொழும்புத் துறைமுகத்தில் சுங்கத் திணைக்களத்தினரிடம் அகப்பட்டது. மரபணுச் சோதனை, அவை தன்சானியாவிலும் வட மொசாம்பிக்கிலும் வாழ்ந்த யானைகளின் தந்தங்கள் எனக் காட்டியது. யானை ஒன்றுக்கு இரண்டு தந்தம் என்று கணக்கிட்டாலும், குறைந்தது 180 யானைகள்.

பத்திரிகைத் தொழிலுக்கு வந்த புதிதில் நான் கொட்டாஞ்சேனையில் அறையெடுத்துத் தங்கியிருந்தேன். இரவில் கப்பல்களின் ஊதொலி கேட்கும். விடிந்ததும் துறைமுகப் பக்கமிருந்து கொள்கலன் லொறிகள் வரிசையாக வெளியேறும். அத்தனை ஆயிரம் இரும்புப் பெட்டிகளுள் எதைத் திறப்பது, எதை விடுவது என்று ஓர் உத்தியோகத்தர் தீர்மானிக்க வேண்டியிருப்பதை அக்காலத்தில் நான் எண்ணிப் பார்த்ததில்லை. அழிந்துவரும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை 1979ஆம் ஆண்டிலேயே இணைந்துவிட்டது. எனினும் அதை நிறைவேற்றவென்று சுங்கத்தில் ஒரு தனிப்பிரிவு தோன்றியது 1993ஆம் ஆண்டில்தான். சட்டம் கையெழுத்தாவதற்கும் அதற்கொரு கை முளைப்பதற்கும் இடையில் பதினான்கு ஆண்டுகள்!

இனி, இத்தீவின் பழைய கணக்கைப் பார்ப்போம்.

பிரித்தானியர் ஆட்சியின் முற்பகுதியில் யானையைக் கொல்வதற்கு அரசே வெகுமதி கொடுத்தது. குடியேற்றச் செயலாளராகவிருந்த எமர்சன் டெனன்ற் எழுதிவைத்த கணக்கின்படி, 1848ஆம் ஆண்டுக்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்கு வெகுமதி கோரப்பட்டது. 1851 முதல் 1856 வரை தென் மாகாணத்தில் மேலும் 2,000. ஏறத்தாழ 1,400 யானைகளைச் சுட்டு வீழ்த்தியதாகச் சொல்லப்படும் மேஜர் றொஜர்ஸ் காட்டில் மறைந்து திரிந்த கள்ள வேட்டைக்காரர் அல்லர். பதுளையின் உதவி அரசாங்க அதிபரும் மாவட்ட நீதிபதியும் அவரே. 1845ஆம் ஆண்டு ஹப்புத்தளையில் இடிவிழுந்து இறந்தார். சட்டத்தின் கையும் துப்பாக்கி பிடித்த கையும் அன்று ஒரே கையாக இருந்தன.

வெள்ளைக்காரரை மட்டும் குறை சொல்லி நாம் தப்பிக்கொள்ளவும் முடியாது. 3,500 என்ற எண் நமது வட மாகாணத்துக்குரியது. அதற்கும் முன்னர், ஒல்லாந்தர் காலத்தில் வன்னித் தலைவர்கள் திறையாக யானைகளையே செலுத்தினர். வன்னியில் பிடிபட்டவை ஆனையிறவின் ஆழமற்ற நீரைக் கடந்து யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரப்பட்டு, இந்திய வணிகர்களுக்கு விற்கப்பட்டு, ஊர்காவற்றுறையில் கப்பலேறின. ஆனையிறவு என்றதும் நமக்குப் போர்க்களமே நினைவுக்கு வருகிறது. அப்பெயரினுள்ளே ஒரு வணிகப் பாதையும் இருக்கிறது.

கணக்கு மெல்லத் திரும்பியது. காட்டு விலங்குகளைக் காரணமின்றிக் கொல்வதைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் 1891இல் வந்தது. 1894இல் விலங்குப் பாதுகாப்புச் சங்கம் உருவாயிற்று. அதன் தொடக்ககால உறுப்பினர்களிற் பலர், சுடுவதற்கு இனி விலங்கே மிஞ்சாது என்று அஞ்சிய வேட்டைக்காரர்கள்! யால காட்டைக் காக்க ஓர் ஆள் தேவைப்பட்டபோது அரசாங்கம் நியமித்த மனிதரின் கதை விசித்திரமானது.

எங்கெல்பிரெக்ற் என்பது அவர் பெயர். போயர் யுத்தத்தில் பிரித்தானியரை எதிர்த்துப் போரிட்டுச் சிறைப்பட்டு, ஆயிரக்கணக்கான கைதிகளுடன் தென்னாபிரிக்காவிலிருந்து தியத்தலாவை முகாமுக்குக் கொண்டுவரப்பட்டவர். யுத்தம் முடிந்ததும், முடிக்கு விசுவாசப் பிரமாணம் செய்தோர் ஊர் திரும்பினர். இவர் மறுத்தார், ஆகவே திரும்ப முடியவில்லை. எந்த முடியை ஏற்க மறுத்தாரோ, அதே முடியின் காட்டுக்கு அவர் காவலரானார். 1908 முதல் 1911 வரை ஹம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராகவிருந்த லெனாட் வூல்ப் அவரை நன்கறிந்தவர். அதற்கு முன்னர் யாழ்ப்பாணத்திலும் மன்னார் முத்துக்குளிப்பிலும் கடமையாற்றிய அதே வூல்ப்தான்.

1914ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஜேர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னையைக் குண்டுவீசித் தாக்கியது. 'அவன் சரியான எம்டன்' என்று நாம் இன்றும் சொல்வது அக்கப்பலின் எச்சமே. அந்த எம்டனுக்கு இறைச்சி வழங்கினார் என்ற குற்றச்சாட்டில் எங்கெல்பிரெக்ற் சிறையிலிடப்பட்டார். குற்றச்சாட்டு ஆதாரமற்றது என்பது பின்னரே தெளிவாயிற்று. 1922இல் அவர் இறந்தார். காட்டில் தனித்து நிற்கும் காவலரை அரசும் நம்பாது, ஊரும் விரும்பாது என்பதற்கு இத்தொழிலின் முதல் மனிதரே சாட்சியானார். வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937இல் இயற்றப்பட்டது. அதற்கென ஒரு திணைக்களம் அமைந்தது 1949இல். அவ்வரிசையில் மிகப் பிந்தி வந்தவர்களே துறைமுகத்துச் சுங்க உத்தியோகத்தர்கள்.

கடலிலும் இதே கதைதான். கடற்றொழில், நீரியல் வளச் சட்டம் 1996இல் வந்தது. ஆனால் ஆழ்கடலுக்குச் செல்லும் படகுகளைக் கண்காணிப்பதிலும் விதிமீறியோரைத் தண்டிப்பதிலும் குறைபாடு கண்ட ஐரோப்பிய ஒன்றியம், 2015 ஜனவரி முதல் இலங்கை மீனை வாங்க மறுத்தது. படகுகளில் செய்மதிக் கண்காணிப்புக் கருவிகள் பொருத்தப்பட்டு, சட்டமும் இறுக்கப்பட்ட பின்னர், 2016இல் தடை நீங்கியது. கணக்கு எழுதாத குற்றத்துக்கு ஒரு நாடு முழுவதும் ஒன்றரை ஆண்டு விலை கொடுத்தது.

வடக்கில் இக்கணக்கு இன்னும் கசப்பானது. அடிமட்ட இழுவைமடியைத் தடைசெய்யும் சட்டம் 2017இல் நிறைவேறியது. அதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்துங்கள் என்று கோருவோர் யாழ்ப்பாணத்து, மன்னாரிலுள்ள தமிழ் மீனவர். கைதாகிறவர்களோ தமிழகத்து விசைப்படகுகளில் கூலிக்கு வந்த தமிழ்த் தொழிலாளர். படகின் சொந்தக்காரர் பெரும்பாலும் கரையில் இருக்கிறார். வலையின் அடியில் அள்ளுண்ட குஞ்சு மீனுக்காகப் பேச எவருமில்லை. சட்டம் யாரைப் பிடிக்கிறது, யாரை விட்டுவிடுகிறது என்ற கேள்வியைத் தவிர்த்துவிட்டு உத்தியோகத்தரை மட்டும் புகழ்வது நேர்மையாகாது.

அந்த முதியவரின் கேள்விக்கு வருகிறேன். கைப்பற்றிய தந்தங்களை விகாரைக்கு வழங்கும் யோசனையும் இடையில் எழுந்தது, சூழலியலாளர் எதிர்த்தனர். விற்றிருந்தால் பணம் வந்திருக்கும். ஆனால் வாங்கியவனிடம், கள்ளத் தந்தமும் கடைசியில் சந்தைக்கு வரும் என்ற நம்பிக்கையும் சேர்ந்தே போயிருக்கும். வன்னியில் வெகுமதி கொடுத்த அரசு, இறந்த யானைக்கு ஒரு விலை எழுதியது. காலிமுகத்திடலில் நடந்தது அவ்விலையை அழித்தெழுதும் வேலை. நொறுங்கிய துண்டுகள் புத்தளத்துச் சீமெந்துச் சூளையில் எரிக்கப்பட்டன.

அன்று மாலை வெள்ளவத்தைக்குத் திரும்பும்போது என் விரலைப் பார்த்தேன். எனக்கு முதல் நியமனம் கிடைத்தபோது, கண்ணூறு படாதிருக்க வேண்டுமென்று அம்மா வாங்கி அணிவித்த யானைமுடி மோதிரம். பவுணுக்கு நடுவே கறுப்பாக ஓர் இழை. அது எந்தக் காட்டு யானையுடையது, உயிரோடு இருந்ததா, இறந்ததா என்று நாங்கள் எவரும் கேட்டதில்லை. அம்மா இப்போது இல்லை. அதனால் அதை வீச மனம் வரவில்லை. கழற்றி அலுமாரிக்குள் வைத்தேன். பிறகு அணியவில்லை.

என் மகன் ஒருநாள் அதைக் கண்டு, "இது என்னப்பா?" என்று கேட்டான். 359 என்ற எண்ணிலிருந்து தொடங்கி இந்தக் கதையைச் சொன்னேன்.