இறக்குமதி ஆயில் இன்ஜின்: உதிரிபாகம் வாங்கும் முன்பும் ஓட்டும்போதும் கவனிக்க வேண்டியவை

விழுப்புரம் மாவட்டத்தில் முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, மயிலம், திண்டிவனம் பகுதிகளில் கரும்பு, மணிலா, நெல் பயிரிடும் விவசாயிகளில் பலருக்கு ஆயில் இன்ஜின் இன்றும் தேவைப்படுகிறது. இலவச மின் இணைப்புக்குக் காத்திருப்பவர்கள், குத்தகை நிலத்தில் பயிர் செய்பவர்கள், ஏரி, ஓடைத் தண்ணீரை இறைப்பவர்கள், மின்தடை நேரத்தில் மாற்று ஏற்பாடு தேடுபவர்கள் எனப் பலரும் இதைப் பயன்படுத்துகின்றனர்.

சமீப ஆண்டுகளில் விலை குறைவு, எடை குறைவு என்ற காரணத்தால் சீனத் தயாரிப்பு சிறிய டீசல் இன்ஜின்களும் வயலுக்கு வந்துள்ளன. இவை ஓடும் வரை சிக்கல் இல்லை. ஒரு பாகம் பழுதானால் "இந்த மாடலுக்கு இங்கே சாமான் இல்லை" என்று கடையில் சொல்லிவிடுகிறார்கள். மணிலாவில் விழுது இறங்கிக் காய் பிடிக்கும் பருவத்தில் தண்ணீர் தவறினால் மகசூல் குறையும். வெளிநாட்டிலிருந்து பாகம் வந்து சேரும்வரை பயிர் காத்திருக்காது. எனவே எந்தப் பாகத்தை உள்ளூரிலேயே வாங்கலாம், எதை மட்டும் இறக்குமதி செய்ய வேண்டும், பாகமே கெடாமல் எப்படி ஓட்டுவது என்பதை விவசாயிகள் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

உங்கள் இன்ஜின் எந்த வகை?

நம் பகுதியில் உள்ள இன்ஜின்களைப் பொதுவாக மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

1. மெதுவாக ஓடும் லிஸ்டர் வகை: இங்கிலாந்தின் லிஸ்டர் நிறுவன வடிவமைப்பைப் பின்பற்றி குஜராத் மாநிலம் ராஜ்கோட்டில் தயாரிக்கப்பட்டவை. பெரிய ஃப்ளைவீல் கொண்டவை. 6 குதிரைத்திறன் இன்ஜின் நிமிடத்துக்கு 650 சுற்று ஓடும்.

2. 1500 சுற்று வாட்டர் கூல்டு வகை: கிர்லோஸ்கர் ஏ.வி.1 போன்ற 5 குதிரைத்திறன் இன்ஜின்கள். இதன் சிலிண்டர் விட்டம் 80 மி.மீ., ஸ்ட்ரோக் 110 மி.மீ. இந்த வகைக்கு உதிரிபாகம் கிடைப்பது எளிது.

3. இறக்குமதி வகை: கையால் தூக்கிச் செல்லக்கூடிய 170எஃப், 178எஃப், 186எஃப் போன்ற ஏர் கூல்டு இன்ஜின்களும், ஆர் 175ஏ, எஸ் 195 போன்ற வாட்டர் கூல்டு இன்ஜின்களும் இதில் அடங்கும்.

மூன்றாவது வகையில் மாடல் எண்ணே பல விவரங்களைச் சொல்லிவிடும். 178எஃப் என்பதில் 1 என்பது ஒரு சிலிண்டர். 78 என்பது சிலிண்டர் விட்டம் மில்லிமீட்டரில். எஃப் என்பது ஏர் கூல்டு. அதேபோல எஸ் 195 என்றால் ஒரு சிலிண்டர், 95 மி.மீ. விட்டம். ஒரே மாடலைப் பல தொழிற்சாலைகள் பல பெயர்களில் தயாரிக்கின்றன. எனவே இன்ஜின் மேல் ஒட்டியுள்ள வணிகப் பெயரைச் சொல்லிக் கேட்டால் "இல்லை" என்ற பதில்தான் வரும். மாடல் எண்ணைச் சொல்லிக் கேட்டால் பாகம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

எண் ஒன்றாக இருந்தாலும் அளவைச் சரிபார்க்க வேண்டும். உதாரணமாக, 186எஃப் இன்ஜினின் ஸ்ட்ரோக் 70 மி.மீ.; 186எஃப்ஏ இன்ஜினுக்கு 72 மி.மீ. இரண்டிற்கும் கிராங்க் ஷாஃப்ட் வேறு.

இறக்குமதி தேவைப்படாத பாகங்கள்

இறக்குமதி இன்ஜினிலும் பல பாகங்கள் உலகம் முழுவதும் ஒரே அளவில் செய்யப்படுபவை. இவற்றை விழுப்புரம், திண்டிவனம் கடைகளிலேயே கேட்டு வாங்கலாம்.

பேரிங்: பக்கவாட்டில் உள்ள எண்ணைப் பார்க்கவும். 6206 என்று இருந்தால் உள்விட்டம் 30 மி.மீ., வெளிவிட்டம் 62 மி.மீ., அகலம் 16 மி.மீ. எந்த நாட்டுத் தயாரிப்பானாலும் இந்த அளவு மாறாது.

ஆயில் சீல்: உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் ஆகிய மூன்று அளவுகள் அதன்மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். அழிந்திருந்தால் வெர்னியர் காலிப்பர் கொண்டு அளந்து வாங்கலாம்.

பெல்ட்: ஏ, பி போன்ற பிரிவும் நீள எண்ணும் போதும்.

நாசில், பம்ப் எலிமென்ட்: இரண்டிலும் எண் பொறிக்கப்பட்டிருக்கும். பழைய பாகத்தை நன்கு துடைத்து, எண்ணைக் குறித்துக்கொண்டு டீசல் பம்ப் பழுதுபார்க்கும் கடையில் காட்டவும். எண் தெரியாமல் "பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது" என்று மாட்டக் கூடாது. தெளிப்புக் கோணம் மாறினால் கரும்புகை வரும், பிஸ்டனும் கருகும்.

காப்பர் வாஷர், டீசல் ஹோஸ், போல்ட், நட்: அளவு பார்த்து உள்ளூரிலேயே வாங்கலாம்.

பிஸ்டன், ரிங் செட், சிலிண்டர் ஹெட், கனெக்டிங் ராட், ஹெட் கேஸ்கெட், டைமிங் கியர் ஆகியவையே அந்தந்த மாடலுக்கென்று தேட வேண்டியவை. இவற்றுக்கும் முதலில் சென்னை, கோவை, ராஜ்கோட் மொத்த வியாபாரிகளிடம் விசாரிக்கவும். பவர் டில்லர், பவர் வீடர், சிறிய ஜெனரேட்டர்களிலும் இதே இன்ஜின் வகைகள் பொருத்தப்படுவதால், அந்தக் கடைகளில் பாகம் கிடைப்பதுண்டு.

நேரடி இறக்குமதியில் கவனிக்க வேண்டியவை

இணையதளத்தில் ஒரு ரிங் செட் விலை மலிவாகத் தெரியலாம். ஆனால் சுங்கவரி, பொருளின் விலையோடு போக்குவரத்துக் கட்டணமும் காப்பீடும் சேர்ந்த தொகைக்கு விதிக்கப்படுகிறது. கணக்கு புரிவதற்காக மட்டும் ஓர் உதாரணம்: பொருள் 1,000 ரூபாய், விமானக் கட்டணம் 1,500 ரூபாய் என்றால் மதிப்பு 2,500 ரூபாய். சுங்கவரி 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 250 ரூபாய். அந்த வரியின் மேல் சமூகநலக் கூடுதல் வரி பத்தில் ஒரு பங்கு, அதாவது 25 ரூபாய். மொத்தம் 2,775 ரூபாய் மீது ஜி.எஸ்.டி. 18 சதவீதம் என்றால் சுமார் 500 ரூபாய். ஆக, 1,000 ரூபாய் பொருள் கைக்கு வரும்போது 3,275 ரூபாய். கூரியர் நிறுவனத்தின் சேவைக் கட்டணம் இதற்கு மேல். உண்மையான வரி விகிதங்கள் அவ்வப்போது மாறும். சுங்க முகவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே ஆர்டர் கொடுக்கவும். டீசல் இன்ஜின் பாகங்கள் சுங்க அட்டவணையில் 8409 என்ற தலைப்பிலும், முழு டீசல் இன்ஜின் 8408 என்ற தலைப்பிலும் வருகின்றன.

அடுத்து, இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீட்டு எண். சொந்த உபயோகத்துக்கு வாங்குபவர்களுக்கு இந்த எண் தேவையில்லை என்று பலர் கூறுகின்றனர். விதி அப்படி முழுமையாக விலக்கு தரவில்லை. வணிகம், உற்பத்தி, வேளாண்மை ஆகியவற்றோடு தொடர்பில்லாத சொந்த உபயோகத்துக்கு மட்டுமே விலக்கு உண்டு. பாசன இன்ஜினுக்கான பாகம் வேளாண்மையோடு தொடர்புடையது. எனவே எண் இல்லாமல் பார்சல் வரவழைத்தால் சுங்கத்தில் தேங்கிவிடக்கூடும்.

இந்த எண்ணை வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககத்தின் இணையதளத்தில் பான் எண், முகவரிச் சான்று, வங்கிக் கணக்கு விவரங்களுடன் 500 ரூபாய் கட்டணம் செலுத்திப் பெறலாம். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூன் மாதத்துக்குள் விவரங்களை இணையத்தில் உறுதிப்படுத்த வேண்டும். தவறினால் எண் முடக்கப்படும்.

ஒரு விவசாயி ஒரே ஒரு பாகத்துக்காக இவ்வளவு செய்வது கட்டுப்படியாகாது. ஒரே மாடல் இன்ஜின் வைத்திருக்கும் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து, தங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் பெயரில் எண் பெற்று, பருவம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே மொத்தமாக வரவழைப்பது நல்லது. போக்குவரத்துச் செலவு பலருக்குப் பிரியும். பணத்தை வங்கி வழியாகவே அனுப்ப வேண்டும். ஆர்டரில் மாடல் எண்ணுடன் சிலிண்டர் விட்டம், ஸ்ட்ரோக், பிஸ்டன் பின் விட்டம், ரிங் தடிமன் ஆகியவற்றையும் மில்லிமீட்டரில் எழுதவும். சிலிண்டர் ஏற்கெனவே போரிங் செய்யப்பட்டிருந்தால் ஓவர்சைஸ் அளவைக் குறிப்பிட மறக்கக் கூடாது.

வேகம் சரியாக இருந்தால் பாகம் நிலைக்கும்

பம்ப்செட்டின் வேகத்தை 10 சதவீதம் கூட்டினால் தண்ணீர் சுமார் 10 சதவீதம்தான் கூடும். ஆனால் அதற்கு இன்ஜின் கொடுக்க வேண்டிய சக்தி சுமார் 33 சதவீதம் கூடிவிடும். அதிகத் தண்ணீர் வேண்டும் என்று கவர்னர் ஸ்பிரிங்கை இறுக்குவதால் டீசல் வீணாகும். ரிங், பேரிங் சீக்கிரம் தேயும்.

பழைய 1500 சுற்று இன்ஜினை எடுத்துவிட்டு வேகமான இன்ஜினைப் பொருத்தும்போது புல்லியையும் மாற்ற வேண்டும். இன்ஜின் சுற்றை இன்ஜின் புல்லி விட்டத்தால் பெருக்கினால் வரும் தொகையும், பம்ப் சுற்றை பம்ப் புல்லி விட்டத்தால் பெருக்கினால் வரும் தொகையும் சமமாக இருக்க வேண்டும். 1500 சுற்று இன்ஜினில் 8 அங்குல புல்லி இருந்த இடத்தில் 2600 சுற்று ஓடும் ஆர் 175ஏ வைத்தால், இன்ஜின் புல்லி சுமார் 4.6 அங்குலம் போதும்.

தினசரிப் பராமரிப்பு

• ஓட்டுவதற்கு முன் இன்ஜினைச் சமதளத்தில் வைத்து ஆயில் அளவு பார்க்கவும். புதிய இன்ஜினிலும், ரிங் மாற்றிய இன்ஜினிலும் முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்ற வேண்டும். பிறகு கையேட்டில் சொல்லியுள்ள மணிக்கணக்குப்படி மாற்றவும். ஓடிய மணி நேரத்தை நோட்டில் குறித்து வைக்கவும்.

• கரும்பு, மணிலா அறுவடைக் காலத்தில் தூசி அதிகம். ஏர் கிளீனரை அடிக்கடி சுத்தம் செய்யவும். ஏர் கிளீனர் இல்லாமல் ஓட்டினால் ஒரே பருவத்தில் சிலிண்டர் தேய்ந்துவிடும்.

• டீசலை மெல்லிய துணியிலோ வலையிலோ வடிகட்டி ஊற்றவும். தண்ணீர் கலந்த டீசல் நாசிலையும் பம்ப் எலிமென்ட்டையும் கெடுக்கும்.

• ஏர் கூல்டு இன்ஜினில் ஃபின்களுக்கு இடையே சேரும் மண், சருகை அகற்றவும். வாட்டர் கூல்டு இன்ஜினுக்குள் குளிர்ந்த கிணற்று நீரை அளவுக்கு மீறி விடக் கூடாது. வெளியேறும் நீர் நல்ல சூடாக இருக்க வேண்டும். சூடேறாமல் ஓடும் இன்ஜினில் கரி படியும். சிலிண்டர் தேய்மானமும் கூடும்.

• 5 குதிரைத்திறன் இன்ஜின் முழுச் சுமையில் மணிக்கு சுமார் 1 முதல் 1.25 லிட்டர் டீசல் எடுக்கும். இதைவிட மிக அதிகமானால் நாசிலையும் சுமையையும் சோதிக்கவும்.

புகையின் நிறத்தையும் கவனிக்கவும். கரும்புகை வந்தால் அதிகச் சுமை, அடைபட்ட ஏர் கிளீனர் அல்லது நாசில் கோளாறு. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது; ரிங் தேய்ந்திருக்கலாம். சூடேறிய பிறகும் வெண்புகை வந்தால் கம்ப்ரஷன் குறைவு, டைமிங் தவறு அல்லது டீசலில் தண்ணீர்.

நாசில், ஹெட் கேஸ்கெட், ரிங் செட், ஃபில்டர், பெல்ட், காப்பர் வாஷர் ஆகியவற்றில் தலா ஒன்றை வாங்கி வீட்டில் வைத்திருந்தால் பருவத்தின் நடுவே அலைய வேண்டியதில்லை.

வெள்ளத்தில் மூழ்கிய இன்ஜின்

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மயிலத்தில் சுமார் 50 செ.மீ. மழை பெய்தது. டிசம்பர் 2 அன்று விக்கிரவாண்டி - முண்டியம்பாக்கம் இடையிலான ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்கள் நிறுத்தப்பட்டன. இத்தகைய வெள்ளத்தில் மூழ்கிய இன்ஜினை உடனே ஸ்டார்ட் செய்யக் கூடாது. சிலிண்டரில் தண்ணீர் நின்றால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும்.

முதலில் ஆயிலையும் டீசலையும் முழுவதும் வடிக்கவும். நாசிலைக் கழற்றிவிட்டு, கையால் மெதுவாகச் சுற்றித் தண்ணீரை வெளியேற்றவும். சிலிண்டரில் சிறிது ஆயில் ஊற்றி மீண்டும் சுற்றவும். ஏர் கிளீனர், டேங்க், ஃபில்டரைச் சுத்தம் செய்து புது ஆயில் ஊற்றி, சுமை இல்லாமல் சிறிது நேரம் ஓட்டவும். அந்த ஆயிலையும் வடித்துவிட்டு மீண்டும் புது ஆயில் ஊற்றவும். புயல் எச்சரிக்கை வந்ததும் இன்ஜினை மேட்டுக்கு ஏற்றிவிடுவதே சிறந்தது.

உயிருக்கு ஆபத்தானவை

சென்ட்ரிஃபியூகல் பம்ப் நடைமுறையில் 6 முதல் 7 மீட்டர் ஆழத்திலிருந்துதான் தண்ணீரை உறிஞ்சும். நீர்மட்டம் இறங்கும் கோடையில் இன்ஜினையே கிணற்றுக்குள் இறக்கி வைக்கும் வழக்கம் உள்ளது. இது மிகவும் ஆபத்தானது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கிணற்றுக்குள் அது தேங்கினால் இறங்குபவர் சில நிமிடங்களில் மயங்கிவிடுவார். அவரைத் தூக்க இறங்குபவரும் அப்படியே விழுவார். இன்ஜினை மேலேயே வைத்து ஆழத்துக்கேற்ற பம்ப் வகையைத் தேர்ந்தெடுப்பதே சரியான வழி. கிணற்றுக்குள் யாராவது மயங்கினால் உடனே இன்ஜினை நிறுத்திவிட்டு, தீயணைப்புத் துறைக்கும் 108 ஆம்புலன்சுக்கும் தகவல் கொடுக்கவும். பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது.

ஏர் லாக் எடுக்கும்போதோ நாசிலைச் சோதிக்கும்போதோ தெளிப்புக்கு முன் கையை வைக்கக் கூடாது. சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 200 கிலோ அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே செல்லும். சிறு புள்ளி போலத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கவர்னர் பழுதாகி இன்ஜின் கட்டுக்கடங்காமல் வேகமெடுத்தால் டீசலை அடைக்கவும். அப்போதும் நிற்காவிட்டால் காற்று நுழையும் வாயைப் பலகையால் மூடவும். கையால் மூடக் கூடாது. ஓடும் பெல்ட் அருகே வேட்டி, துண்டு, சேலை முந்தானை தொங்காமல் பார்த்துக்கொள்ளவும்.

புதிதாக இன்ஜின் வாங்கும் முன்

விலையைக் கேட்பதற்கு முன், "இதன் ரிங் செட்டும் நாசிலும் இப்போது உங்கள் கடையில் இருக்கின்றனவா?" என்று கேட்கவும். இருந்தால் எடுத்துக் காட்டச் சொல்லவும். இல்லை என்றால், விலை சில ஆயிரம் குறைவாக இருந்தாலும் அந்த இன்ஜினைத் தவிர்ப்பது நல்லது. தமிழில் கையேடு, பில், உத்தரவாத அட்டை ஆகியவற்றைக் கேட்டுப் பெறவும். உங்கள் கிணற்றின் ஆழத்துக்கும் பயிர்ப் பரப்புக்கும் ஏற்ற பம்ப்செட்டைத் தேர்வு செய்வது, மானியத் திட்டங்கள் குறித்த விவரங்களுக்கு வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தையும், பயிர்ப் பருவத்துக்கேற்ற நீர்த் தேவை குறித்து திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகலாம்.